பன்னியைக் காணோம் டீச்சராச்சி!

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆசிரியர்களாக இருப்பவர்களும், என்னைப் போல ஓய்வு பெற்றவர்களும் கடைசி வரை படித்தால் மகிழ்வேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். என்னை அவன் 'டீச்சராச்சி' என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய அப்பா நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தவர், அதனால் அப்பாவுக்கு நான் டீச்சர், மகனுக்கு ஆச்சி. இரண்டையும் சேர்த்து அவனே வைத்த பெயர் அது.

களக்காட்டைச் சுற்றி வாழைதான் எங்களுக்குச் சோறு. மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி எப்படிப்பட்ட எதிரி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரே ராத்திரியில் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். இந்தப் பையனின் அப்பா குத்தகைக்கு வயல் எடுத்து வாழை போடுகிறவர். டார்ச் லைட்டோடு பல ராத்திரி வயலில் காவல் கிடக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றதும் பையனுக்கு ஒரு யோசனை வந்தது. கணினியில் 'பன்னி விரட்டு' என்று ஒரு விளையாட்டு செய்ய வேண்டும். வலது பக்கத்திலிருந்து பன்றி வரும். இடது பக்கம் வாழை நிற்கும். நாம் டார்ச் லைட்டை நகர்த்திப் பன்றியின் மேல் அடித்தால் அது ஓடிவிடும், நமக்கு ஒரு மதிப்பெண். வாழையைத் தொட்டுவிட்டால் ஒரு வாழை போச்சு. அவ்வளவுதான் விளையாட்டு.

இதைச் செய்ய அவன் எடுத்துக்கொண்டது ஸ்கிராட்ச் என்ற மென்பொருள். பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கும். 2019-ல் வந்த புதிய அறிவியல் புத்தகத்தில் 'காட்சித் தொடர்பு' என்ற கடைசிப் பாடத்தில் இருப்பது இதுதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இலவசம். இதில் நிரலை எழுத வேண்டாம். வண்ண வண்ணக் கட்டைகளாகக் கட்டளைகள் இருக்கும், பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகளைப் போல ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டியதுதான். பச்சைக் கொடியை அமுக்கினால் ஓடும், சிவப்புப் பொத்தானை அமுக்கினால் நிற்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2020 ஊரடங்கில் பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியதுதான். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி மட்டுமே. முதல் ஒரு வாரம் ஒரு பூனையை நடக்க வைக்கவே எனக்குச் சரியாக இருந்தது. இப்போதும் நான் நிபுணர் இல்லை. ஆனால் வீட்டில் பேரன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினி ஒன்று இருக்கிறது. பையன் சாயங்காலமானால் அதற்காக வந்துவிடுவான்.

முதல் நாள் விளையாட்டு நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் வந்து திறந்தான். கொடியை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை.

"பன்னியக் காணோம் டீச்சராச்சி!"

"நேத்து கடைசியா பன்னிய என்னல செஞ்ச?"

யோசித்தான். "டார்ச் பட்டதும் மறையச் சொன்னேன்."

"மறையச் சொன்ன சரி. திரும்ப வரச் சொன்னியா?"

சொல்லவில்லை. ஸ்கிராட்சில் ஒரு பொம்மையை மறை என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், அடுத்த முறை கொடியை அமுக்கும்போதும் அது மறைந்தேதான் இருக்கும். இடம், திசை, அளவு, மதிப்பெண் எல்லாம் விட்ட இடத்திலேயே நிற்கும். அதனால் கொடிக்குக் கீழே முதல் வேலையாக எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வெளியே தெரி, இந்த இடத்தில் நில், மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கு. நாம் வகுப்புக்குள் போனதும் முந்தைய பாடவேளையில் எழுதியதைக் கரும்பலகையில் அழித்துவிட்டுத்தானே ஆரம்பிப்போம்? அதே பழக்கம்தான்.

மேடையின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். குறுக்கே 480, உயரம் 360. நடுவில் பூஜ்யம். வலது ஓரம் 240, இடது ஓரம் கழித்தல் 240. பொம்மை காணாமல் போனால் பாதி நேரம் அது மறைந்திருக்கும், பாதி நேரம் ஓரத்தில் ஒளிந்திருக்கும்.

அடுத்த சிக்கல். பன்றி வந்தது. டார்ச் அடித்தால் அது பாட்டுக்கு நடந்து போய் வாழையைத் தின்றது.

பையன் கட்டைகளைப் பிரித்துப் பிரித்து மாற்றி ஒட்டிக்கொண்டே இருந்தான். எது முதலில் இருந்தது என்று அவனுக்கே தெரியாத நிலை வந்துவிட்டது. நான் அவனை நிறுத்தினேன்.

"வாழைக்குத் தண்ணி வரலன்னா உங்க அப்பா என்ன செய்வாரு?"

"மோட்டார் ரூமுலேர்ந்து பாத்துக்கிட்டே வருவாரு. எங்க உடைஞ்சிருக்குன்னு."

"அப்ப நீயும் மோட்டார் ரூமுலேர்ந்து நட."

ஸ்கிராட்சில் 'சொல்' என்றொரு கட்டை இருக்கிறது. பொம்மையின் தலைக்கு மேல் ஒரு குமிழியில் எழுத்து வரும். அதை நடுவில் ஓரிடத்தில் வைத்தால், நிரல் அதுவரை வந்ததா என்று தெரிந்துவிடும். தண்ணீர் இந்த மடை வரை வந்ததா என்று பார்ப்பது போல. அவன் 'டார்ச் பட்டுச்சு' என்று ஒரு குமிழி வைத்தான். கொடியை அமுக்கினான். குமிழி வரவே இல்லை. ஆக, உடைப்பு அதற்கு மேலே இருக்கிறது.

"கட்டையைச் சத்தமாப் படி" என்றேன்.

"கொடி அமுக்கினதும்... டார்ச்சைத் தொட்டா... மதிப்பெண் ஒண்ணு கூட்டு."

"எப்பத் தொட்டா?"

"கொடி அமுக்கினதும்..." என்றவன் நிறுத்திவிட்டுச் சிரித்தான். "அந்த ஒரு நேரம் மட்டுந்தான் பாக்குது!"

கொடியை அமுக்கிய அந்த நொடியில் பன்றி டார்ச்சைத் தொடுகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு நிரல் முடிந்துபோகிறது. அதை 'எப்போதும்' என்று சுற்றி வரும் கட்டைக்குள் வைத்தால்தான் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்கிராட்ச் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. ராத்திரிக் காவலுக்குப் போனவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கினால் எப்படியோ, அப்படி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டைகள் பொருந்தாத இடத்தில் ஒட்டவே ஒட்டாது. அதனால் எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை எதுவும் வராது. வருவதெல்லாம் பொருள் பிழைதான். நாம் நினைத்தது ஒன்று, சொன்னது ஒன்று. கணினி நாம் சொன்னதைத்தான் செய்கிறது. பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது சிக்கல் வேடிக்கையானது. டார்ச் ஒரு தடவை பட்டால் மதிப்பெண் ஒன்று வராமல் நாற்பது வந்தது. பையனுக்கு முதலில் சந்தோஷம்தான். காரணம், அந்தச் சுற்று ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை ஓடுகிறது. டார்ச்சும் பன்றியும் ஒரு வினாடிக்கு மேல் தொட்டுக்கொண்டிருந்தால் அத்தனை முறையும் ஒன்று ஒன்றாகக் கூட்டிவிடும். மதிப்பெண் கொடுத்த உடனே பன்றியை வலது ஓரத்துக்கு அனுப்பிவிட்டால் தொடுவது நின்றுவிடும் என்று அவனே கண்டுபிடித்தான். செய்தும் பார்த்தான்.

அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். பன்றி ஓரத்துக்குப் போனது. கண் இமைக்கும் நேரத்தில் மறுபடியும் டார்ச் பக்கத்திலேயே வந்து நின்றது. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. இரண்டு சாயங்காலம் பார்த்தோம். விளங்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் மடிக்கணினியை மூடிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது டீச்சராச்சி" என்றான்.

34 வருடம் வகுப்பறையில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். கேட்டதும் மனசு பதறிவிட்டது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தேன். பதினொரு மணிக்கு மேல் பிடிபட்டது. பன்றியை வாழையை நோக்கி நகர்த்த அவன் 'வழுக்கிச் செல்' என்ற கட்டையைப் போட்டிருந்தான். ஐந்து வினாடியில் இந்த இடத்துக்குப் போ என்று சொல்லிவிட்டால், அந்த ஐந்து வினாடி முடியும்வரை அது தன் கணக்குப்படியே பன்றியை இழுத்துக்கொண்டு போகும். நடுவில் இன்னொரு நிரல் 'ஓரத்துக்குப் போ' என்றால் ஒரு கணம் போய்விட்டு, அடுத்த கணமே பழைய பாதைக்கு வந்துவிடும். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். அதற்குப் பதிலாக, 'எப்போதும்' சுற்றுக்குள்ளேயே ஒவ்வொரு தடவையும் மூன்று புள்ளி இடது பக்கம் தள்ளு என்று போட்டால் போதும், டிரைவர் ஒருவர்தான். மாற்றினேன். அருமையாக ஓடியது. எனக்கு ஏதோ பரிட்சையில் பாஸான சந்தோஷம்.

மறுநாள் அவன் வந்ததும் பெருமையாகக் காட்டினேன். ஒரு ஆட்டம் விளையாடினான். "நல்லாருக்கு டீச்சராச்சி" என்றான். போய்விட்டான்.

இரண்டு நாள் வரவில்லை.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. உதவிதானே செய்தோம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அது வரைக்கும் அந்த விளையாட்டு அவனுடையது. நான் கை வைத்த பிறகு அது என்னுடையதாகிவிட்டது. 'உனக்கு வராது' என்று அவன் சொன்னதை நான் வாயால் மறுத்துவிட்டுச் செய்கையால் ஆமோதித்திருக்கிறேன்.

நல்ல வேளை, ஒரு பழக்கம் காப்பாற்றியது. ஒவ்வொரு நாளும் வேறு பெயரில் சேமிக்கச் சொல்லியிருந்தேன். பன்னி 1, பன்னி 2 என்று வரிசையாக. நான் மாற்றியது பன்னி 7. அவன் கடைசியாகச் செய்த பன்னி 6 அப்படியே இருந்தது. அவனைக் கூப்பிட்டு, அவன் கண் முன்னால் பன்னி 7-ஐ அழித்தேன்.

"ஏன் டீச்சராச்சி?"

"அது நான் செஞ்சது. கண்காட்சிக்கு நீதானே போற?"

அதன் பிறகு நான் மவுஸைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "பன்னிய நகத்துற கட்டை மொத்தம் எத்தனை இருக்கு?" எண்ணினான். இரண்டு. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினான். பிறகு அதை ஒட்டிவிட்டு மற்றதைக் கழற்றினான். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று நான் சொன்னதை அவன் செய்ய ஆரம்பித்திருந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம், "ரெண்டும் சண்டை போடுது டீச்சராச்சி!" என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும்.

இது நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு செய்தியைப் படித்தேன். 1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் கணக்குகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் போடும் தப்புகளில் பல கவனக்குறைவால் வருவதில்லை, நிரலில் இருக்கும் பிழையைப் போலவே ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று காட்டினார்கள். பிள்ளை ஒரு விதியைப் பின்பற்றுகிறது. விதி தவறு, ஆனால் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அந்தத் தவறான விதியைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு 'பக்கி' என்ற பெயரில் ஒரு கணினி விளையாட்டே செய்தார்களாம். அதில் மிகவும் பழக்கமான ஒரு பிழை, மேலே கீழே பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது.

படித்ததும் எனக்கு நான்காம் வகுப்பு நோட்டுகள் கண் முன்னால் வந்து நின்றன. எத்தனை நோட்டுகளில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருப்பேன்!

அன்று இருட்டிய பிறகு பையனைக் கூட்டிப்போக அவனுடைய அப்பா வந்தார். வயலுக்குக் காவலுக்குப் போகிற வழி. திண்ணையில் உட்கார்ந்து, "இவனுக்கு இது வருதா டீச்சர்? எனக்குக் கணக்கு வரல. அதான் வாழைக்குள்ள கிடக்கேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

ஒரு காகிதத்தைக் கொடுத்து, 52-க்குக் கீழே 27 எழுதிக் கழிக்கச் சொன்னேன். "எதுக்கு டீச்சர், போன்ல கால்குலேட்டர் இருக்கே" என்று கூச்சப்பட்டார். பிறகு எழுதினார். 35.

"சரி. 52 ரூவால 27 ரூவா குடுத்துட்டா கையில எவ்வளவு இருக்கும்?"

"25" என்றார். யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகு காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் விளக்கினேன். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று. மேலே இருப்பது சின்ன எண், கீழே இருப்பது பெரிய எண் என்பதைப் பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறீர்கள். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கெல்லாம் உங்களுக்குச் சரியாகத்தான் வந்திருக்கும். கடன் வாங்கும் கணக்குகள் மட்டும் தப்பாகியிருக்கும். பத்துத் தப்பு இல்லை, ஒரே ஒரு தப்புதான், பத்து இடத்தில் வந்திருக்கிறது. அதை நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. விடையை மட்டும் பார்த்து அடித்துவிட்டுப் போய்விட்டேன். என் தப்புதான் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காகிதத்தைத் திருப்பி, 61-லிருந்து 38 என்று தானே எழுதி, தானே போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை 23 வந்தது.

"அப்ப எனக்குக் கணக்கு வராம இல்லியா டீச்சர்?" என்று கேட்டார்.

முப்பது வருடம் கழித்து ஒரு மனிதர் இதைக் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல? "வந்துச்சு, எனக்குத்தான் தெரியல" என்றேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போய்விட்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்காக நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. கொடியை அமுக்கியதும் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் கட்டைகளை முதலில் போடச் சொல்லுங்கள்.

2. மொத்தமாகக் கட்டிவிட்டு ஓட்ட வேண்டாம். இரண்டு கட்டை ஒட்டினால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். எதோடும் ஒட்டாத கட்டையைத் தொட்டால் அது மட்டும் தனியாக ஓடும், ஒட்டியிருக்கும் கட்டையைத் தொட்டால் அந்த அடுக்கு முழுவதும் ஓடும்.

3. ஒவ்வொரு பொம்மைக்கும் நிரல் தனித்தனி. பன்றிக்குப் போட வேண்டியதை வாழைக்குப் போட்டுவிட்டுத் தேடுகிற பிள்ளைகள் அதிகம். எந்தப் பொம்மை தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

4. ஸ்பிரைட் 1, ஸ்பிரைட் 2 என்று விடாமல் பன்னி, வாழை, டார்ச் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும்.

5. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நடுவில் 'சொல்' குமிழி வைத்துப் பாருங்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

6. தினமும் புதுப் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். கண்காட்சிக்கு முன்னால் அங்கே இருக்கும் கணினியிலேயே ஒரு தடவை திறந்து பாருங்கள். 2019-ல் வந்த மூன்றாம் பதிப்பில் செய்த கோப்பு பழைய இரண்டாம் பதிப்பில் திறக்காது.

7. மவுஸைத் தொடாதீர்கள். முடியவில்லை என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இவற்றில் கடைசி இரண்டும்தான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவை.

கண்காட்சியில் பையனுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவன் மேசைக்கு முன்னால்தான் பிள்ளைகள் வரிசையில் நின்றார்களாம். இப்போது பன்றி கூட்டமாக வருகிற மாதிரி செய்ய வேண்டும் என்கிறான். பன்னி 11 வரை வந்துவிட்டது. நேற்று மூன்று பன்றியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் நின்றன. ஏன் என்று எனக்குத் தெரியும். இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வகுப்பில் 'எனக்கு வராது' என்று சொன்ன ஒரு பிள்ளையின் பழைய நோட்டு இருந்தால், விடையை விட்டுவிட்டு வழியை ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.